சக்கரம் வழுக்கினால் கலவைமானி என்ன சொல்லும்?

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று மாலை வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தான். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய எஸ்டீம் காரை வாங்கி, அதில் சிறிய டர்போ ஒன்றைப் பொருத்தி, நேர்கோட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்துவந்தார்கள். முந்தைய ஞாயிறன்று ஒரு தனியார் ஓடுபாதையில் முதல் ஓட்டம் நடந்திருந்தது.

“அங்கிள், முதல் கியரில் 5500 சுற்றில் 16 காட்டுகிறது. பெட்ரோல் போதவில்லை என்று 12 விழுக்காடு கூட்டினோம். அப்படியும் 16தான். இன்னும் ஒரு 10 கூட்டினோம். இப்போது வண்டி இருமுகிறது, கரும்புகை கக்குகிறது. ஆனால் மானி அதே 16ஐத்தான் காட்டுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?”

கேள்வி நல்ல கேள்வி. இருபத்தெட்டு ஆண்டுகள் என்ஜின் சோதனைக்கூடத்தில் காலம் தள்ளியவன் என்பதால் பதில் எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் அந்தப் பதிலில் பாதியை மட்டும் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். மீதிப் பாதியை மாசி மாதத்தில் அவர்கள் மிகுந்த செலவில் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்து நம் இதழின் மாணவர் பகுதியில் எழுதிவிடுவது என்று அன்றே தீர்மானித்தேன். இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது பயன்படும். மற்றவர்களும் படிக்கலாம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கணக்கு இதில் கிடையாது.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். டிராக் ரேஸ் என்பது இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்கோட்டில் ஒரு குறிப்பிட்ட தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். பிறந்த இடம் அமெரிக்கா. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும், போர் முடிந்தபின் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளிலும் இளைஞர்கள் ஓட்டித் திரிந்ததற்கு ஓர் ஒழுங்கு கொடுக்க வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நைட்ரோமீத்தேன் குடிக்கும் உச்ச வகுப்பு வண்டிகளுக்கு மட்டும், 2008இல் ஓர் ஓட்டுநர் விபத்தில் இறந்தபின், தூரம் 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. புறப்பாட்டுக்கு அடையாளம் காட்டும் விளக்குக் கம்பத்தை ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்கிறார்கள். அது 1963இல் வந்தது. நம் நாட்டிலும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை மைதானத்திலும், இங்கே லோனாவலாவுக்கு அப்பால் ஆம்பி வேலி ஓடுபாதையிலும் இத்தகைய பந்தயங்கள் முறைப்படி நடந்திருக்கின்றன. (நள்ளிரவில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பறப்பது பந்தயம் அன்று, அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.)

இனிக் கலவைக்கு வருவோம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிந்து தீர ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இதுவே வேதியியல் கணக்குப்படி சரியான விகிதம். காற்று இதைவிட அதிகமானால் கலவை மெலிந்தது, மெக்கானிக் மொழியில் ‘லீன்’. பெட்ரோல் அதிகமானால் செறிந்தது, ‘ரிச்’. முழு ஆற்றல் வேண்டும்போது சற்றுச் செறிந்த கலவையே நல்லது. டர்போ இல்லாத என்ஜினுக்கு 12.5 முதல் 13 வரை. டர்போ உள்ள என்ஜினுக்கு 11.5, 12 என்று இன்னும் செறிவாக வைப்பார்கள். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு, பிஸ்டனையும் வால்வையும் காக்கிறது. சமையலறையில் வாணலி காய்ந்துபோகாமல் கரண்டித் தண்ணீர் தெளிக்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலை. முழு ஆற்றலில் ஓடும் டர்போ என்ஜினில் கலவை மெலிந்தால் வெப்பம் ஏறும். தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறோம். சில நொடிகள் போதும், அலுமினியப் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்துவிடும்.

எரிபொருள் மாறினால் 14.7 என்ற எண்ணும் மாறும். எத்தனாலுக்கு 9, மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.4, நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. இப்போது நம் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5. ஆனால் மானியில் 14.7 என்று தெரிகிறதே என்று கேட்கலாம். மானி உண்மையில் அளப்பது ‘லாம்டா’ என்னும் ஒப்பு எண்ணை. கலவை சரியான விகிதத்தில் இருந்தால் லாம்டா 1. அதை 14.7ஆல் பெருக்கி நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே பழகியவர்கள் லாம்டாவிலேயே பேசுவார்கள். அந்தப் பையன் 14.7 அளவுகோலில் பேசியதால் இக்கட்டுரையிலும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இதை அளக்கும் சென்சார் புகைக்குழாயில் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போகும் கலவையை யாரும் அளப்பதில்லை. வெளியே வரும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, உள்ளே போனது இப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். எச்சில் இலையைப் பார்த்து விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்வதுபோல. பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடலாம். ஆனால் விருந்தாளி சாப்பிடாமலே எழுந்து போயிருந்தால்?

ஜிர்கோனியா என்னும் பீங்கானால் ஆன இந்த ஆக்ஸிஜன் சென்சாரை பாஷ் நிறுவனம் 1976இல் கார்களுக்காகத் தயாரிக்கத் தொடங்கியது. அது கலவை செறிவா மெலிவா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எவ்வளவு என்றும் சொல்லும் அகன்ற அளவுச் சென்சார் 1990களில் வந்தது. பந்தயக்காரர்கள் இன்று பயன்படுத்துவது இதைத்தான்.

அதற்குமுன் என்ன செய்தார்கள்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார்கள். நம் வாசகர்களில் ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்கள் இதைச் செய்திருப்பார்கள். வெளுத்திருந்தால் மெலிவு, கருத்திருந்தால் செறிவு, காப்பித்தூள் நிறமானால் சரி. முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டிக்கொண்டே போய், சட்டென என்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து, ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்ற வேண்டும். எளிய முறை, ஆனால் இன்றும் பொய் சொல்லாத முறை. அந்தப் பையன்களிடம் முதலில் நான் கேட்டதும் இதைத்தான்: பிளக் என்ன நிறம்? “கரி மாதிரி கருப்பு, அங்கிள்.” அப்படியானால் 16 என்பது பொய்.

பொய் எப்படி வந்தது?

எஸ்டீம் முன்சக்கரத்தால் ஓடும் வண்டி. புறப்படும்போது எடை பின்னால் சாய்கிறது. வண்டியின் முடுக்கம் புவியீர்ப்பில் 0.4 பங்கு, ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், சக்கரங்களுக்கு இடைத்தூரம் 2.37 மீட்டர் என்று கொண்டால், 0.4ஐ 0.5ஆல் பெருக்கி 2.37ஆல் வகுக்க 0.08 வருகிறது. அதாவது மொத்த எடையில் 8 விழுக்காடு முன்சக்கரத்தைவிட்டுப் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எந்தச் சக்கரம் இழுக்க வேண்டுமோ அதன்மீது பாரம் குறைகிறது. ஓடுபாதையில் தூசி வேறு. முன்சக்கரம் தரையைப் பற்றாமல் சுழல்கிறது. அமெரிக்க டிராக் வண்டிகள் பெரும்பாலும் பின்சக்கரத்தால் ஓடுவதற்கும், புறப்படுமுன் டயரை நீரில் நனைத்துப் புகையெழச் சுழற்றிச் சூடேற்றுவதற்கும் காரணம் இந்தப் பிடிப்புத்தான்.

எவ்வளவு வழுக்கியது என்று கணக்கிடலாம். டயரின் சுற்றளவு 1.8 மீட்டர், அந்தக் கியரில் மொத்தக் குறைப்பு 8க்கு 1 என்று கொள்வோம். என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் சக்கரம் 750 சுற்று. அது நிமிடத்துக்கு 1350 மீட்டர், அதாவது மணிக்கு 81 கிலோமீட்டர். அதே கணத்தில், இழுக்காமல் சும்மா உருளும் பின்சக்கரம் 54 கிலோமீட்டர் என்று காட்டினால், முன்சக்கரத்தின் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு வீண். ரப்பர் டயருக்குப் பத்து, இருபது விழுக்காடு வழுக்கலில்தான் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதனால் வழுக்கலே கூடாது என்பதில்லை. அதைத் தாண்டினால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும்.

சக்கரம் பிடி விட்டதும் என்ஜினுக்குச் சுமை குறைகிறது. சுற்று விர்ரென்று ஏறுகிறது. இங்கேதான் முதல் சிக்கல். புகை வால்விலிருந்து சென்சாருக்கு வந்து சேர நேரம் ஆகும். சென்சார் உணரச் சிறிது நேரம். மானி அதைச் சராசரியாக்கிப் பதிவுக்கு அனுப்ப இன்னும் சிறிது. எல்லாம் சேர்ந்து 0.15 நொடி என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நன்றாகப் பற்றி, இரண்டாம் கியரில் 4000த்திலிருந்து 6500 சுற்றுக்கு ஏற 2.5 நொடி ஆகிறது என்றால், ஒரு நொடிக்கு 1000 சுற்று ஏறுகிறது, 0.15 நொடியில் 150 சுற்றுதான் நகர்ந்திருக்கும். பதிவில் 5500க்கு எதிரே தெரியும் எண் உண்மையில் 5350க்கு உரியது. பாதகமில்லை. ஆனால் சக்கரம் வழுக்கி அதே 2500 சுற்றும் 0.4 நொடியில் ஏறிவிட்டால்? நொடிக்கு 6250. 0.15 நொடியில் 940 சுற்று தாண்டிவிடுகிறது. 5500க்கு எதிரே எழுதப்பட்டிருப்பது 4560க்கு உரிய கலவை. திருநெல்வேலிக்காரருக்கு வந்த கடிதத்தை மதுரையில் கொடுத்த கதைதான்.

இது போதாதென்று அடுத்தது. அவர்கள் என்ஜின் 6500 சுற்றைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் எல்லை வைத்திருந்தார்கள். எல்லையைத் தொட்டதும் பெட்டி தீப்பொறியை நிறுத்திவிடும். பெட்ரோல் தெளிப்பது நிற்காது. விருந்தாளி சாப்பிடாமல் எழுந்து போவது என்றேனே, அது இதுதான். உருளைக்குள் போன காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வருகின்றன. ஆக்ஸிஜன் முழுவதும் மிச்சம். சென்சாரின் பிளாட்டினப் பூச்சில் அந்த ஆக்ஸிஜனும் பெட்ரோலும் ஓரளவு வினைபுரியத்தான் செய்யும். ஆனால் ஆக்ஸிஜன் மூலக்கூறு சிறியது, நுண்துளை வழியே விரைந்து ஊடுருவும். பெட்ரோல் மூலக்கூறு பெரியது, பின்தங்கும். ஆகவே சென்சார் ஆக்ஸிஜனையே அதிகம் கண்டு, கலவை மெலிவு என்று சொல்கிறது. உள்ளே கலவை எவ்வளவு செறிவாக இருந்தாலும் சரி. பிளக் பழுதாகித் தீப்பொறி தவறினாலும் இதே பொய்தான் வரும். எரிபொருளை நிறுத்தும் வகை எல்லைக் கட்டுப்பாடு என்றாலும் மானி மெலிவையே காட்டும். அப்போது வெறும் காற்று போவதால் அது பொய்யன்று, ஆனால் சரிசெய்யக் கூடிய குறையும் அன்று.

மூன்றாவது ஓட்டுநரின் கால். சக்கரம் வழுக்குவதை உணர்ந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து சற்றுக் காலை எடுப்பார், மறுபடி அழுத்துவார். காலை எடுக்கும்போது உறிஞ்சு குழாயில் அழுத்தம் இறங்கி, அதன் சுவரில் ஒட்டியிருந்த பெட்ரோல் ஈரம் ஆவியாகி உள்ளே போகிறது. ஒரு கணம் செறிவு. முழுக்க எடுத்துவிட்டால் பெட்டி தெளிப்பதையே நிறுத்தும். மானி 20ஐத் தாண்டிப் போகும். மறுபடி அழுத்தும்போது சுவர் காய்ந்திருக்கிறது. புதிதாகத் தெளித்த பெட்ரோலில் ஒரு பங்கு அதை நனைப்பதற்கே போய்விடும். ஒரு கணம் மெலிவு. கார்புரேட்டர் வண்டியில் இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப் வைத்தார்கள். ஆக, வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. அதில் எந்த ஒரு பல்லையும் எடுத்து, கலவை இவ்வளவு என்று சொல்ல முடியாது.

பையனின் பதிவில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வழுக்கி, 6500 எல்லையை முட்டி, தீப்பொறி நின்று, ஓட்டுநர் காலைத் தளர்த்தி, சுற்று 5500க்கு இறங்கிய கணத்தில் மறுபடி முழுதாக அழுத்தியிருக்கிறார். 6500இல் எரியாமல் போன புகை அப்போதுதான் சென்சாருக்கு வந்து சேர்ந்தது. 5500 சுற்று, முழு ஆக்சிலரேட்டர், கலவை 16 என்று பதிவானது. அந்த இடத்தில் உண்மைக் கலவை ஏறத்தாழ 12. அதில் 12 விழுக்காடு கூட்டியதும் 10.7 ஆயிற்று, இன்னும் 10 கூட்டியதும் 9.7. வண்டி இருமாமல் என்ன செய்யும்? ஆனால் 16ஐ உண்டாக்கியது தீப்பொறி நின்றது. அது பெட்ரோல் கூட்டுவதால் மாறாது. ஆகவே எண் அசையவில்லை.

இதையெல்லாம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். பையனுக்குப் புரிந்தது. கூட்டிய 22 விழுக்காட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. “இரண்டாம் கியர் எப்படி அங்கிள்?” என்று கேட்டான். பார்த்தேன். 12, 11.9, 12.1 என்று ஓடியது. “அது நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே” என்றேன். அவன் அம்மா அனுப்பியிருந்த பொரி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த இரண்டாம் கியரிலும் சக்கரம் வழுக்கியிருந்தது. சுற்று ஏறிய வேகத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் கலவை வரிசையை மட்டும் பார்த்தேன்.

டர்போ இல்லாத என்ஜினில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்துவிட்டால் உறிஞ்சு குழாயில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். சக்கரம் பற்றினாலும் வழுக்கினாலும் ஒவ்வொரு உறிஞ்சலிலும் போகும் காற்று ஏறத்தாழ அதே அளவு. சுமை குறைந்தால் கலவையும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அத்தகைய என்ஜினில் உண்மைக் கலவை பெரிதாக மாறாது, அளவீடுதான் தடுமாறும். டர்போ வைத்தால் கதை வேறு. டர்போ புகையின் விசையால் சுழல்வது. அது வேகம் எடுக்க நேரமும் சுமையும் வேண்டும். சக்கரம் வழுக்கி என்ஜின் அரை நொடியில் மேலே ஓடிவிட்டால், டர்போ விழித்துக்கொள்வதற்குள் கியர் முடிந்துவிடுகிறது. அந்தப் பதிவில் உறிஞ்சு குழாயின் அழுத்தம் 130 கிலோபாஸ்கலைத் தாண்டவே இல்லை. வெளிக்காற்று ஏறத்தாழ 100 என்பதை நினைவில் கொள்க.

பெட்ரோல் எவ்வளவு தெளிப்பது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு கட்டம் போட்ட அட்டவணையில் பார்த்து முடிவு செய்கிறது. குறுக்கே என்ஜின் சுற்று, நெடுக்கே குழாய் அழுத்தம். 130 வரையுள்ள கட்டங்களை அவர்கள் ஓட்டிப் பார்த்துத் திருத்தியிருந்தார்கள். அதற்கு மேற்பட்டவை ஊகத்தில் நிரப்பியவை. யாரும் அங்கே போனதில்லை. போனதில்லை என்பது பதிவில் எங்கும் எழுதியிருக்காது. ஓடிய கட்டங்கள் மட்டும் தெரியும், எல்லாம் அழகாகத் தெரியும்.

மாசியில் அடுத்த ஓட்டம். நல்ல டயர் வாங்கியிருந்தார்கள், பாதையும் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சக்கரம் பற்றிக்கொண்டது. இரண்டாம் கியரில் 4500 சுற்றிலேயே அழுத்தம் 170க்கு ஏறியது. அங்கே அட்டவணையில் இருந்த பெட்ரோல் போதவில்லை, கலவை 13.8. வாழ்நாளில் அந்த வண்டி ஓடிய மிகச் சிறந்த ஓட்டம் அதுதான் என்று பையன் பிறகு சொன்னான். மூன்றாம் கியரில் வெள்ளைப்புகை வந்தது. பிரித்துப் பார்த்ததில் மூன்றாவது பிஸ்டனின் ஓரம் உருகி ஓட்டை விழுந்திருந்தது. அவன் அம்மா கீழே வந்து, “அண்ணா, நீங்கள் பார்த்துச் சொன்னதாகச் சொன்னானே” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம் என்று பிறகு கணக்குப் போட்டேன். பெட்ரோல் தொட்டி பின்னால், என்ஜின் முன்னால். வண்டி முன்னோக்கி முடுகும்போது குழாயில் இருக்கும் பெட்ரோல் பின்னோக்கித் தள்ளுகிறது. பேருந்து புறப்படும்போது நாம் பின்னால் சாய்வதுபோல. மூன்று மீட்டர் நீளக் குழாய், பெட்ரோலின் அடர்த்தி கனமீட்டருக்கு 750 கிலோ, முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமம் என்றால், 750 பெருக்கல் 9.8 பெருக்கல் 3, ஏறத்தாழ 22 கிலோபாஸ்கல் அழுத்தம் வழியிலேயே தொலைகிறது. தெளிப்பான் அழுத்தம் 300 என்று வைத்து, அழுத்தச் சீராக்கி தொட்டிப் பக்கம் இருந்தால், முன்னே கிடைப்பது 278. பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆக ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவு. 12 என்று இருந்த கலவை 12.5 ஆகும். சீராக்கி என்ஜின் பக்கம் இருந்தால் அது ஈடுகட்டிவிடும். பையன்களின் வண்டியில் முடுக்கம் இதில் பாதிகூட இல்லை, ஆகவே பாதிப்பும் பாதிக்குள்தான். ஆனால் அகலமான டயரோடு ஓடும் கார்புரேட்டர் வண்டிக்கு இது பெரிய சங்கதி. அங்கே பம்ப் அழுத்தமே 40 கிலோபாஸ்கல் அளவில்தான். அதில் 22 போனால் பாதி காலி. மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலும் பின்பக்கம் ஒதுங்கும். நான்கு துளை ஹோலி கார்புரேட்டரில் பின் கிண்ணத்தின் ஜெட்டுகள் அதன் முன்சுவரில் இருப்பதால் காற்றைக் குடிக்கத் தொடங்கும். அதற்காகவே அமெரிக்கப் பந்தயக்காரர்கள் ஜெட்டுக்கு நீட்டுக் குழல் மாட்டுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது திசை. சக்கரம் வழுக்கினால் முடுக்கம் குறைவு. பெட்ரோல் தள்ளப்படுவதும் குறைவு. டர்போ அழுத்தமும் குறைவு. சக்கரம் பற்றினால் எல்லாமே கூடும், கலவை மெலியும் பக்கமாகவே எல்லாம் இழுக்கும். வழுக்கிய ஓட்டத்தில் நன்றாகத் தெரியும் கலவை, பற்றிய ஓட்டத்தில் ஆபத்தாக முடியலாம்.

தானாகவே கற்றுத் திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றுக்கும் இதே பொய்தான் போய்ச் சேரும். எல்லைக் கட்டுப்பாட்டில் வந்த 16ஐ நம்பி அவையும் பெட்ரோலைக் கூட்டும், அந்தப் பையன்கள் செய்ததுபோலவே, ஆனால் யாரையும் கேட்காமல். வழுக்கல் வரும் கியர்களில் அந்தக் கற்றலை அணைத்து வைப்பதே சரி.

இப்போது அவர்கள் என்ஜினை மறுபடி கட்டியாகிவிட்டது. ஓட்டத்துக்கு முன் என்னென்ன செய்யச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பதிவில் கலவையோடு என்ஜின் சுற்று, ஆக்சிலரேட்டர் நிலை, குழாய் அழுத்தம், தீப்பொறி நிறுத்தம், முன்சக்கர வேகம், பின்சக்கர வேகம் எல்லாம் ஒரே கடிகாரத்தில் பதிய வேண்டும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் வேகமாகச் சுழலும் இடங்களை வண்ணம் பூசி ஒதுக்க வேண்டும். தீப்பொறி நின்ற இடங்களையும், அதற்குப் பின் அரை நொடியையும் அப்படியே. கியர் மாற்றிய கணங்களும் போகட்டும். மிஞ்சுவது பெரும்பாலும் மூன்றாம் கியரும் பாதையின் பின்பாதியும்தான். அதை வைத்துத் திருத்தினால் போதும். முதல் கியரின் கட்டங்களை ஓடுபாதையில் தேடாமல், உருளை மேடையில் சுமை ஏற்றி, சுற்றை ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கும் டயர் உருளைமேல் வழுக்குகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

தாமத நேரத்தை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். நடுத்தர வேகத்தில் ஓடும்போது காலை முழுக்க எடுத்தால் தெளிப்பான் நிற்கும். நின்ற கணத்துக்கும் மானி 20ஐ நோக்கித் தாவத் தொடங்கும் கணத்துக்கும் இடையே உள்ளதே அந்த வண்டியின் தாமதம். என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை மெதுவாக நகர்வதால் இது கூடும். இரண்டு மூன்று வேகங்களில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கலவை வரிசையை அவ்வளவு நேரம் முன்னுக்குத் தள்ளிவைத்துப் படித்தால் கடிதம் உரியவர் கைக்கே போய்ச் சேரும்.

கடைசியாக, ஊகத்தில் நிரப்பிய கட்டங்கள். யாரும் போகாத அந்த இடங்களை எல்லாம் சிவப்பாக்கச் சொன்னேன். அங்கெல்லாம் கணக்கில் வருவதைவிடப் பெட்ரோல் 8 விழுக்காடு கூட இருக்கட்டும், தீப்பொறி நேரம் சற்றுப் பின்தங்கியே இருக்கட்டும். செறிவு அதிகமானால் வண்டி இருமும், பிளக் கருக்கும், கழுவி மாட்டிவிடலாம்.

சென்ற ஞாயிறு தாமதத்தை அளந்துகொண்டு வந்தான். 3000 சுற்றில் 0.24 நொடி, 5000த்தில் 0.17. பிளக்குகளையும் ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். நான்கும் காப்பித்தூள் நிறம்; மூன்றாவது மட்டும் ஒரு சாயல் வெளிர். அந்த உருளையின் தெளிப்பானைக் கழற்றிப் பாய்வை அளந்துவரச் சொல்லியிருக்கிறேன்.